பக்கத்து மனைல பெரிய பில்டிங் வருதா? ஆட்சேபனைய எங்க, எப்போ, எப்படி சொல்றது

"பக்கத்துல அஞ்சு மாடி கட்டப் போறாங்களாம், தெருவுல இருக்குற நம்மள ஒரு வார்த்தை கேக்க வேணாமா?" எங்க குடியிருப்போர் சங்கக் கூட்டத்துல வருஷத்துக்கு மூணு நாலு தடவை இந்தக் கேள்வி வந்துரும். கேக்குறவங்க ஆத்திரம் நியாயம்தான், ஆனா பதில் கசப்பா இருக்கும். தமிழ்நாட்டுல ஒரு சாதாரண கட்டடத்துக்கு பிளான் அப்ரூவல் குடுக்குறதுக்கு முன்னாடி அக்கம்பக்கத்துக்காரங்கள கேக்கணும்னு ஆபீசுக்கு கட்டாயம் எதுவும் இல்ல. இங்கிலாந்துல பக்கத்து வீட்டுக்காரர் பின்பக்கம் ஒரு ரூம் இழுத்துக் கட்டணும்னாலே பல நேரம் நமக்கு லெட்டர் வரும், இல்ல வாசல் பக்கம் நோட்டீஸ் ஒட்டுவாங்க, ஆட்சேபனை சொல்ல 21 நாள் டைம் குடுப்பாங்க. நம்ம ஊர்ல அந்த ஏற்பாடே கிடையாது, ஜேசிபி வந்து நிக்குறதுதான் நமக்கு நோட்டீஸ்.

அப்போ கைய கட்டிக்கிட்டு பாத்துட்டு இருக்க வேண்டியதுதானான்னா, இல்ல. நாம பேசறதுக்குன்னு சட்டத்துல சில வாசல் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் ஒரு குறிப்பிட்ட நேரத்துலதான் தொறந்திருக்கும், அந்த நேரத்த விட்டுட்டு அப்புறம் எவ்வளவு கத்தினாலும் தும்ப விட்டு வாலப் பிடிக்குற கதைதான். எங்க தெரு இத ரெண்டு மூணு தடவ அடிபட்டுதான் கத்துக்கிச்சு, அதனாலதான் இத முதல்ல இருந்து, ஒண்ணும் தெரியாதவங்களுக்கும் புரியுற மாதிரி எழுதுறேன்.

முதல்ல அடிப்படை. ஒரு மனைல என்ன வரலாம்ங்கிறத ஒரே ஒரு ஆபீசர் உக்காந்து ஒரே நாள்ல முடிவு பண்றதில்ல. 1971ல வந்த தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம்தான் எல்லாத்துக்கும் தாய். அனுமதி பாக்குறது சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சிஎம்டிஏ, அதாவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம், மத்த ஊர்களுக்கு டிடிசிபி, அதாவது நகர் ஊரமைப்பு இயக்ககம். சின்னக் கட்டடத்துக்கான அனுமதிய மாநகராட்சி, நகராட்சி மாதிரி உள்ளாட்சிகிட்டயே ஒப்படைச்சிருக்காங்க, சென்னைல பெருசு எல்லாம் எழும்பூர் தாளமுத்து நடராசன் மாளிகைல இருக்குற சிஎம்டிஏவுக்குப் போகும். இந்த வித்தியாசம் தெரியாம எங்க தெருக்காரங்க முதல் தடவ ரெண்டு மாசம் வார்டு ஆபீசுக்கே நடந்தாங்க, ஃபைல் இருந்தது சிஎம்டிஏல. மனு குடுக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய முதல் கேள்வி, ஃபைல் எந்த ஆபீஸ்ல இருக்குன்றதுதான்.

இப்போ மேல இருந்து கீழ வருவோம். எல்லாத்துக்கும் மேல மாஸ்டர் பிளான். ஒரு ஊரோட மொத்த மேப்ப எடுத்து கலர் அடிச்சு, இது முதன்மைக் குடியிருப்பு, இது கலப்புக் குடியிருப்பு, இது வணிகம், இது தொழிற்சாலை, இது விவசாயம், இது திறந்தவெளின்னு பிரிச்சு வச்சிருப்பாங்க. இதத்தான் லேண்ட் யூஸ்னு சொல்றது. சென்னைக்கு முதல் மாஸ்டர் பிளான் 1975ல வந்துச்சு, ரெண்டாவது 2008 செப்டம்பர்ல, அது 2026 வரைக்குமான கணக்கு. மூணாவது 2046 வரைக்கும் ஊர் எப்படி இருக்கணும்னு சொல்லப் போறது. சென்னைப் பெருநகரப் பகுதியே 1,189 சதுர கிலோமீட்டரா இருந்தத 2022ல 5,904 சதுர கிலோமீட்டரா விரிச்சிட்டாங்க, அதனால இது வரைக்கும் "நமக்கென்ன, நாம கிராமம்"னு இருந்தவங்க நிறைய பேருக்கும் சேத்துதான் சொல்றேன்.

உங்க மனை எந்த கலர்னு இன்னைக்கே பாத்துரலாம், சிஎம்டிஏ வெப்சைட்ல கிராமம், சர்வே நம்பர் போட்டா காட்டும், பட்டாவ கைல வச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷ வேலை. அப்படியே பக்கத்துல காலியா கெடக்குற நிலத்தோட சர்வே நம்பரையும் போட்டுப் பாருங்க. நம்ம வீட்டுக்குப் பின்னாடி புல்லு மேயுற மாடு நிக்குதேன்னு அத விவசாய நிலம்னு நெனச்சுட்டு இருப்போம், மேப்ல அது பதினஞ்சு வருஷம் முன்னாடியே வணிகமா மாறியிருக்கும், அங்க நாளைக்கு கல்யாண மண்டபம் வந்தா யாரும் சட்டத்த மீறல.

இந்த மாஸ்டர் பிளான் வரைவா வர்றப்போதான் பொது ஜனத்துக்கு உண்மையான வாசல் தொறக்குது. வரைவ வெளியிட்டு, குறைஞ்சது ரெண்டு மாசம் டைம் குடுத்து, எழுத்துல ஆட்சேபனையும் ஆலோசனையும் கேக்கணும்னு சட்டத்துலயே இருக்கு. கோயம்புத்தூர்ல 1994ல வந்த பழைய பிளானுக்கு அப்புறம் புதுசுக்கான வரைவ 2024லதான் வெளிய விட்டு ஆட்சேபனை கேட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, முப்பது வருஷத்துக்கு ஒரு தடவ தொறக்குற கதவு! அந்த ரெண்டு மாசத்துல நாம ஐபிஎல் பாத்துட்டு இருந்தோம்னா, நம்ம பேரப்பிள்ளைக காலத்துலதான் அடுத்த சான்ஸ். ஆனா நிலம் வாங்கி விக்குறவங்க அந்த வரைவ வரி விடாம படிச்சு, எந்த ரோடு அகலமாகப் போகுது, எந்த சர்வே நம்பர் கலர் மாறுதுன்னு குறிச்சு, மனு போட்டிருப்பாங்க. நாமளும் நம்ம தெருவ சுத்தி ஒரு கிலோமீட்டர் மட்டுமாவது பாத்து, இந்த குளத்த விட்டுட்டீங்க, இந்த ஓடைய ரோடுன்னு காட்டியிருக்கீங்க, இந்தப் பார்க்குக்கு கலர் தப்புன்னு எழுதினா அதுக்கு மதிப்பு இருக்கு. இத நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன், ஏன்னா கட்டடம் வந்தப்புறம் நடக்குற சண்டைல முக்கால்வாசி இங்கயே தோத்துப் போன சண்டை.

ரெண்டாவது வாசல், லேண்ட் யூஸ் மாத்தம். மாஸ்டர் பிளான்ல விவசாயம்னு இருக்குற நிலத்த குடியிருப்பா மாத்திக் குடுங்க, குடியிருப்ப வணிகமா மாத்திக் குடுங்கன்னு நிலத்துக்காரர் மனு போடலாம். அது மாஸ்டர் பிளானையே திருத்துற காரியம்ங்கறதால பேப்பர்ல நோட்டீஸ் குடுத்து ஆட்சேபனை கேப்பாங்க. இந்த நோட்டீஸ் எப்படி இருக்கும் தெரியுமா, டெண்டர் விளம்பரத்துக்கும் நினைவஞ்சலிக்கும் நடுவுல பொடி எழுத்துல, "இன்ன கிராமம், இன்ன சர்வே எண்கள், இவ்வளவு பரப்பு, இன்ன உபயோகத்துல இருந்து இன்ன உபயோகத்துக்கு"ன்னு இருக்கும், தெரு பேரோ அடையாளமோ பெரும்பாலும் இருக்காது. அதனால எங்க சங்கத்துல ஒரு அக்காவோட வேலையே இதுதான், நம்ம கிராமத்தோட பேரு பேப்பர்ல வருதான்னு தினம் பாக்கறது. ஒரு ரிட்டயர்டு டீச்சர் கைல நம்ம ஏரியா சர்வே நம்பர் லிஸ்ட் ஒண்ணு குடுத்துப் பாருங்க, அவங்கள ஏமாத்தி ஒரு நோட்டீஸும் போக முடியாது. நோட்டீஸ்லயே கடைசித் தேதி இருக்கும், அதுக்குள்ள எழுத்துல, கையெழுத்து போட்டு, ஒப்புகையோட குடுக்கணும்.

மூணாவதுதான் நாம எல்லாரும் நேரா போய் முட்டுற இடம், தனித்தனி கட்டடத்துக்கான அனுமதி. லேண்ட் யூஸ் சரியா இருந்து, 2019ல வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளுக்கு பிளான் பொருந்தியிருந்தா ஆபீஸ் அனுமதி குடுத்தாகணும். அக்கம்பக்கம் பிடிக்கல, கூட்டம் ஜாஸ்தியாகும், வெயில் மறையும்னு சொல்லி நிறுத்த முடியாது. சின்ன வீடுன்னா இன்னும் சுலபம், 2,500 சதுர அடிக்குள்ள மனை, 3,500 சதுர அடிக்குள்ள கட்டடம், தரையும் ஒரு மாடியும்னா 2024 ஜூலைல இருந்து ஆன்லைன்ல சுயசான்று முறைல உடனே அனுமதி கிடைக்குது. வீடு கட்டுற சாதாரண மனுஷங்க லஞ்சம் குடுத்து அலையாம இருக்க அது நல்லதுதான்னு நான் நெனைக்கிறேன், ஆனா கட்டறப்போ சரியா கட்டுறாங்களான்னு பாக்குற கண்ணு அதுக்குத் தகுந்த மாதிரி கூடணும்.

அப்போ விதி என்ன சொல்லுதுன்னு கொஞ்சமாவது தெரிஞ்சாதான் எது மீறல்னு சொல்ல முடியும். எஃப்எஸ்ஐன்னு ஒண்ணு கேள்விப்பட்டிருப்பீங்க. மனைப் பரப்ப போல எத்தனை மடங்கு கட்டலாம்ங்கிற கணக்கு அது. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, உயரம் அதிகம் இல்லாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அப்போ எல்லா மாடியும் சேத்து 4,800 சதுர அடி. அத ரெண்டு மாடில போடுறதா நாலு மாடில போடுறதான்னு செட்பேக்கும் உயரமும் தீர்மானிக்கும். காசு கட்டி பிரீமியம் எஃப்எஸ்ஐன்னு கூடுதலாவும் வாங்கலாம், ரோடு எவ்வளவு அகலமோ அவ்வளவு கூடுதல். உயரம் 18.30 மீட்டர் தாண்டினா அது ஹைரைஸ், விதி மொத்தமும் வேற, தீயணைப்புத் துறை தடையில்லாச் சான்றெல்லாம் வேணும். அதனாலதான் ஊர் பூரா ஸ்டில்ட் பிளஸ் அஞ்சு மாடியோட, அதாவது கீழ தூண் மட்டும் வச்சு பார்க்கிங், மேல அஞ்சு மாடின்னு நிக்குது, அந்த உயரத்துக்குள்ள அவ்வளவுதான் அடங்கும். செட்பேக்னா நாலு பக்கமும் விட வேண்டிய காலி இடம், நாம நெனைக்குற மாதிரி அழகுக்கு இல்ல, தீப்பிடிச்சா ஆள் ஓடுறதுக்கும் காத்து வர்றதுக்கும் மழத்தண்ணி இறங்குறதுக்கும். பெரிய மனைன்னா ஓஎஸ்ஆர்னு ஒண்ணு, பொதுத் திறந்தவெளிக்கான ஒதுக்கீடு, 10,000 சதுர மீட்டருக்கு மேல போனா பத்து சதவீதம் இடத்த பார்க்குக்குன்னு தானப் பத்திரம் எழுதி அரசாங்கத்துக்குக் குடுத்தாகணும். உங்க ஏரியால பெரிய லேஅவுட் இருக்குன்னா அந்த ஓஎஸ்ஆர் நிலம் எங்கன்னு தேடிப் பாருங்க. சில இடத்துல அத அந்த அபார்ட்மெண்ட்காரங்களே கேட் போட்டு பூட்டி வச்சிருப்பாங்க, ஆனா அது உங்க வீட்டுப் பிள்ளைகளும் விளையாட வேண்டிய இடம்.

இதுல ரோடு அகலம்னு ஒண்ணு இருக்கே, அதுதான் எங்க தெருவுக்கு கை குடுத்தது. வேளச்சேரி பக்கம் எங்களது ஒரு முட்டுச் சந்து மாதிரி தெரு. மூணு வருஷம் முன்னாடி கடைசில இருந்த பழைய வீட்ட இடிச்சாங்க, போர் போட்டாங்க, ஸ்டில்ட் பிளஸ் அஞ்சுன்னு புரோக்கர் வாட்ஸ்அப்ல படமே ஓட ஆரம்பிச்சிருச்சு. நாங்க வழக்கம் போல நாப்பது கையெழுத்து போட்டு "தெருவின் அமைதி கெடும், குடிநீர் பஞ்சம் வரும்"னு ஒரு மனு எழுதிக் குடுத்தோம். ஆபீஸ்ல இருந்தவர் மரியாதையாவே பேசினார், படிச்சுட்டு திருப்பி வச்சுட்டு, "சார், இதுல எந்த விதிய மீறுறாங்கன்னு ஒண்ணுமே இல்லயே, நான் ஃபைல்ல என்னன்னு எழுதட்டும்?"னு கேட்டார். அந்தக் கேள்விதான் எங்களுக்குக் கெடச்ச முதல் பாடம், அவரு மேல எனக்கு இன்னைக்கும் நன்றி உண்டு.

வெளிய வந்து டீக்கடைல நிக்கறப்போ எங்க பக்கத்து வீட்டு அண்ணன், அவர் சிவில் டிப்ளமோ முடிச்சவர், "தம்பி, அவன் பிளான்ல தெருவ முப்பது அடின்னு காட்டியிருந்தான்னா?"ன்னார். ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்பாங்க, நாங்க எங்க தெருவையே அதுவரைக்கும் அளந்ததில்ல. அன்னைக்கு சாயந்திரமே ஸ்டீல் டேப் எடுத்துட்டு இறங்கினோம், நான் ஒரு நுனிய காம்பவுண்டு சுவத்துல பிடிச்சேன், அண்ணன் எதிர்ப்பக்கம் சாக்கடை மூடி தாண்டி சுவர் வரைக்கும் இழுத்தார். இருவத்தி மூணு அடி. இன்னும் உள்ள போனா ஒரு இடத்துல இருவத்தி ரெண்டரை. எட்டு இடத்துல அளந்து, ஒவ்வொரு இடத்துலயும் டேப்போட போட்டோ எடுத்து, எந்த வீட்டு நம்பர் எதுக்கன்னு எழுதி, ஆர்டிஐ போட்டு பிளானோட நகல் கேட்டோம். வந்த பிளான்ல 9 மீட்டர்னு இருந்துச்சு, எங்க டேப்புக்கு ஏழு மீட்டர். ரோடு அகலம் குறைஞ்சா அங்க அனுமதிக்கக்கூடிய உயரமும் வீடுகளோட எண்ணிக்கையும் குறையும். இந்தத் தடவ மனு ஒரே பக்கம்தான், ஃபைல் நம்பர், அளவு, எட்டு போட்டோ, "நேரில் ஆய்வு செய்து சாலையின் உண்மையான அகலத்தைப் பதிவு செய்யக் கோருகிறோம்"னு ஒரு வரி. ஆய்வுக்கு வந்தாங்க, அளந்தாங்க. நாலு மாசம் கழிச்சு பிளான் திருந்தி ஸ்டில்ட் பிளஸ் மூணா வந்துச்சு.

இதுல ஒண்ணு கவனிங்க, கட்டடத்த நாங்க நிறுத்தல, நிறுத்தவும் கூடாது. அந்த மனைக்காரருக்கு கட்டறதுக்கு உரிமை இருக்கு, அங்க குடி வந்த ஆறு குடும்பமும் இன்னைக்கு எங்க சங்கத்துல இருக்காங்க. நாங்க கேட்டது தெரு தாங்குற அளவுக்கு கட்டுங்கன்றது மட்டும்தான்.

எது ஆட்சேபனை ஆகும், எது ஆகாதுன்னு இங்கயே சொல்லிடறேன். வீட்டு வில குறையும், கடல் தெரியாமப் போயிரும், கட்டறவர பிடிக்காது, இதெல்லாம் செல்லாது. வெளிச்சம் காத்து மறையுதுன்றது பிளான் ஆபீஸ்ல எடுபடாது, ஆனா உங்க ஜன்னல் வழியா இருவது வருஷம் தடையில்லாம வெளிச்சம் வந்துட்டு இருந்தா 1882ஆம் வருஷ ஈஸ்மென்ட் சட்டப்படி சிவில் கோர்ட்ல கேக்கலாம், அது தனி வழி. ராத்திரில மிக்ஸர் மெஷின் ஓடுதுன்னா அது சத்தம் சம்பந்தப்பட்ட விதி, ராத்திரி 10ல இருந்து காலைல 6 வரைக்கும் குடியிருப்புப் பகுதிக்கு 45 டெசிபல்தான், அதுக்கு போலீஸ்.

இன்னொரு வகை ஆட்சேபனை உண்டு, அத எழுதவே எனக்கு மனசு வலிக்குது. எங்க கூட்டத்துலயே ஒருத்தர் "ஹவுசிங் போர்டு வீடு இங்க வந்தா அந்த மாதிரி ஆளுங்க வருவாங்க"ன்னு எந்திரிச்சுப் பேசினார். அது ஆட்சேபனையே இல்ல, அத சங்கத்து லெட்டர்பேட்ல எழுத மாட்டோம்னு அங்கயே சொல்லிட்டோம். ஊருக்குள்ள ஆத்தோரம், கால்வாயோரம் இருந்த எத்தனையோ ஆயிரம் குடும்பத்த கண்ணகி நகருக்கும் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் லாரில ஏத்திக் கொண்டு போய் விட்டாங்களே, அவங்க வேலை இருவது இருவத்தஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் போச்சு, பிள்ளைங்க பள்ளிக்கூடம் நடுவருஷத்துல மாறிச்சு, அவங்க ஆட்சேபனைய யார் கேட்டாங்க? நகர் திட்டமிடல்ல அதிகமா பாதிக்கப்படுறவங்களோட குரல்தான் ரொம்ப கம்மியா பதிவாகுது. மனு எழுதத் தெரிஞ்ச நாம அத நம்ம தெருவோட நிறுத்திக்கிட்டா பத்தாது.

சரி, அனுமதி குடுத்தாச்சு, வேல ஆரம்பிச்சாச்சு. இனிமே பிளான எதிர்த்துப் பேசி பிரயோஜனம் கம்மி, ஆனா பிளான்படி கட்டுறாங்களான்னு பாக்கலாம், இது நாலாவது வாசல், இதுலதான் நமக்கு பலம் ஜாஸ்தி. அதுக்கு பிளான் நம்ம கைல இருக்கணும். எட்டு வீட்டுக்கு மேலயோ 500 சதுர மீட்டர் மனைக்கு மேலயோ இருக்குற புராஜெக்டுன்னா ரெரால, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துல, பதிவு பண்ணாம விக்க முடியாது, தமிழ்நாடு ரெரா வெப்சைட்லயே அனுமதி விவரம் பாக்கலாம். இல்லன்னா பத்து ரூபா கட்டி ஆர்டிஐ, 30 நாள்ல பதில் சொல்லணும். அப்புறம் 2024 டிசம்பர் 17ல சுப்ரீம் கோர்ட் உத்தரப் பிரதேச வழக்கு ஒண்ணுல நாடு முழுக்க பொருந்துற மாதிரி தெளிவா சொல்லியிருக்கு, வேல நடக்குற காலம் பூரா அனுமதிச்ச பிளான சைட்ல வச்சிருக்கணும்னு, கட்டி முடிச்சதுக்கான முடிவுச் சான்று இல்லாம கரண்டு, தண்ணி இணைப்பு குடுக்கக் கூடாதுன்னு, விதி மீறினா கண்ண மூடிக்கிட்டு இருந்த அதிகாரி மேலயும் நடவடிக்கைன்னு. அந்தத் தீர்ப்பத் தமிழ்ல ரெண்டு பக்கமா சுருக்கி எங்க சங்க ஆபீஸ்ல ஒட்டியே வச்சிருக்கோம்.

மீறல பாத்தா அன்னைக்கே எழுதணும், இத மட்டும் மறந்துறாதீங்க. அஸ்திவாரத்துலயே செட்பேக் குறையுதுன்னா அப்பவே, கூடுதல் மாடிக்கு சென்ட்ரிங் அடிக்கறப்பவே. முதல்ல சொன்ன நகர் ஊரமைப்புச் சட்டத்துல 56, 57ன்னு ரெண்டு பிரிவு இருக்கு, ஒண்ணு மீறின கட்டடத்த அகற்றச் சொல்றது, இன்னொண்ணு நடக்குற வேலைய நிறுத்தச் சொல்றது. நிறுத்துறது சுலபம், இடிக்குறது பெரும்பாடு. நோட்டீஸ் வந்ததும் கட்டினவர் 80ஏ பிரிவுல அரசாங்கத்துக்கே சீராய்வு மனு போடுவார், அது அங்க கெடக்கும், அதுக்குள்ள ஆள் குடி வந்துருவாங்க, அப்புறம் இடிச்சா பாவம் அந்த குடும்பங்கன்னு ஆயிரும். கோர்ட்டுக்குப் போனாலும் ஜட்ஜ் கேக்குற முதல் கேள்வி, கட்டுற வரைக்கும் என்ன பண்ணிட்டு இருந்தீங்க?

தமிழ்நாட்டுல இன்னொரு கஷ்டம், மீறினவங்களுக்கு அபராதம் வாங்கிட்டு மன்னிச்சு விடுற பழக்கம். 113ஆம் பிரிவுல யாருக்கு வேணும்னாலும் விதிவிலக்கு குடுக்குற அதிகாரத்த அரசாங்கம் கைல வச்சிருந்துச்சு, அப்படிக் குடுத்த 62 உத்தரவ சென்னைல இருக்குற கன்ஸ்யூமர் ஆக்ஷன் குரூப் எதிர்த்துப் போய், 2000ல சுப்ரீம் கோர்ட் அந்த 62ஐயும் ரத்து பண்ணுச்சு, ஆனா அந்தப் பிரிவையும் ஒருமுறை வரன்முறை பண்ணலாம்ங்கிற 113ஏவையும் விட்டு வச்சுருச்சு. ஒருமுறைன்னு சொன்னத வருஷா வருஷம் நீட்டிச்சுட்டே போனாங்க, அந்த நீட்டிப்ப 2006ல ஹைகோர்ட் செல்லாதுன்னுச்சு. அப்புறம் 113சி வந்து 2007 ஜூலை 1க்கு முன்னாடி கட்டினதுக்கு இன்னொரு வாய்ப்பு. இப்போ கட்டிரு, பின்னாடி காசு கட்டி சரி பண்ணிக்கலாம்னு ஒரு நம்பிக்கை ஊர்ல ஊறிப்போனது இப்படித்தான். மௌலிவாக்கத்துல 2014 ஜூன் 28ல பதினோரு மாடி சரிஞ்சு 61 பேர் செத்தாங்க. கட்டடம் எப்படிக் கட்டுறாங்கன்னு பாக்குற கண்ணு இல்லாமப் போனா என்ன ஆகும்னு தெரியாதவங்க, அந்த மழை நாள் சாயந்திரம் டிவில ஓடினத ஞாபகப்படுத்திக்கோங்க. ஆந்திராவுல இருந்தும் ஒடிசாவுல இருந்தும் வந்த கூலிக்காரங்க அதுல நிறைய பேரு.

ஏரி, சதுப்பு நிலம் பக்கத்துலன்னா வழி வேற. 20,000 சதுர மீட்டருக்கு மேல கட்டுமானம்னா சுற்றுச்சூழல் அனுமதி வேணும், ஆனா கட்டட புராஜெக்டுக்கு பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் தேவையில்லைன்னு 2006 அறிவிக்கைலயே விலக்கு குடுத்துட்டாங்க, அது எனக்கு இன்னைக்கும் ஒத்துக்க முடியாத விஷயம். அதனால அனுமதி வந்தப்புறம் சுற்றுச்சூழல் வழக்குகள விசாரிக்குற பசுமைத் தீர்ப்பாயம்தான் கதி. சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலம் 2022ல ராம்சார்னு சொல்ற, உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட பட்டியல்ல சேந்துச்சு, சுமார் 1,247 ஹெக்டேர். அத சுத்தி ஒரு கிலோமீட்டருக்குள்ள ஆய்வு முடியுற வரைக்கும் புது அனுமதி குடுக்கக் கூடாதுன்னு 2025 செப்டம்பர்ல தீர்ப்பாயம் சொன்னப்போ, அங்க மனை வாங்கி வீடு கட்ட காத்திருந்த சாதாரண ஜனங்களும் மாட்டிக்கிட்டாங்க. எல்லைய காலத்துல வரையாம விட்டதோட வினை அவங்க தலைல விடிஞ்சுது.

கையெழுத்து வாங்குறதுக்கு முன்னாடி பேசிப் பாக்க இன்னொரு இடமும் இருக்கு. கிராமம்னா கிராம சபை, அங்க தீர்மானம் போட்டா பதிவாகும். நகரத்துல 2022ல இருந்து ஏரியா சபை, வார்டு கமிட்டி வந்திருக்கு, நவம்பர் 1ல முதல் ஏரியா சபைங்க நடந்துச்சு. கட்டட அனுமதிய ரத்து பண்ற அதிகாரம் அங்க இல்ல, ஆனா மழைநீர் வடிகால், ரோடு, பார்க் இதெல்லாம் அங்கதான் பேசணும், கவுன்சிலர் எல்லார் முன்னாடியும் பதில் சொல்லுவாங்க.

எங்க தெரு கட்டடம் முடியுற தருவாய்ல ஒரு ஞாயித்துக்கிழமை ஸ்டில்ட்ல ஹாலோ பிளாக் சுவர் எழும்ப ஆரம்பிச்சுது, பார்க்கிங்க மறிச்சு ரெண்டு கடை. லீவு நாள்ல யாரும் கேக்க மாட்டாங்கன்னு நெனச்சிருப்பாங்க. அண்ணன் அன்னைக்கு வந்த பேப்பர விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு சுவத்துக்குப் பக்கத்துல நின்னார், நான் போட்டோ எடுத்தேன், தேதி தெரியணும்ல. மேஸ்திரிகிட்ட சண்ட போடல, அவர் கூலிக்கு வந்தவர். திங்கக்கிழமை பத்தரைக்கு மனு உள்ள போச்சு, பிளான் நகல்ல பார்க்கிங்னு இருக்குற இடத்துல சிவப்பு வட்டம் போட்டு. அடுத்த வாரம் நிறுத்தச் சொல்லி நோட்டீஸ் வந்துச்சு, சுவர் இடுப்பு உசரத்தோட நின்னுச்சு, பத்து நாள் கழிச்சு அவங்களே உடைச்சு எடுத்தாங்க. தரைல இன்னும் அந்த சிமென்ட் கோடு இருக்கு, அதுக்கு மேலதான் இப்போ மூணு காரும் ஏழெட்டு பைக்கும் நிக்குது.